18 வருடம் கழித்து மறுபடியும் யோகா: தொடக்க நிலையா, இரண்டாம் நிலையா?

மருதாணி (சிங்கப்பூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. தஞ்சாவூரில் இருந்தபோது, 1999 முதல் 2006 வரை, ஓர் ஆசிரியையிடம் முறையாக யோகா கற்றேன். காலை ஐந்தரைக்கு வகுப்பு. வாசலில் கோலம் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தில் ஐந்து நிமிடம் நிற்பேன், காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம் வரும், பத்மாசனத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். 2006இல் சிங்கப்பூர் வந்தோம். மகன் பிறந்தான், வேலைக்குப் போனேன், மாமியார் நோயில் படுத்தார்கள். யோகா அப்படியே நின்றுபோனது.

இப்போது கணக்குப் பிரிவில் வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலிதான். கழுத்து பிடித்துக்கொள்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலை ஊன்றினால் சுரீரென்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, உடம்பை அசையுங்கள் என்றார்.

போன வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சிமோத்தானாசனம், அதுதான் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது, செய்து பார்த்தேன். அந்த நாளில் நெற்றி முழங்காலில் போய் உட்காரும். இப்போது கை முழங்காலைத் தாண்டி ஒரு சாண் போனது, அதற்கு மேல் அசையவில்லை. அன்று இரவு எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் சமூக மன்றம் இருக்கிறது. அங்கே செவ்வாய் மாலை தொடக்க நிலை வகுப்பு, சனிக்கிழமை காலை இரண்டாம் நிலை வகுப்பு. பத்து வகுப்புக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள்தான் கட்டணம். எதில் சேரலாம்? ஏழு வருடம் கற்றவள் மூச்சை இழு, விடு என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா என்று ஒரு மனம் கேட்கிறது. சனிக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் திணறினால் என்ன செய்வது என்று இன்னொரு மனம் பயப்படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

இரண்டாம் நிலையிலேயே சேருங்கள் அக்கா. நீச்சல் கற்றவனுக்கு மறக்குமா? ஏழு வருடம் தினமும் செய்த உடம்பு. இரண்டு வகுப்பில் எல்லாம் திரும்பி வந்துவிடும். தொடக்க நிலையில் சேர்ந்தால் மூன்றாவது வாரமே சலித்துப்போய் நின்றுவிடுவீர்கள். என் அண்ணன் அப்படித்தான் விட்டார்.

மூச்சுக்கணக்கு (சென்னை)

நான் 22 வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். வைகைக்கரை தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் இதில் எனக்கு உடன்பாடில்லை.

நீச்சல் மறக்காது, உண்மைதான். ஆனால் இருபது வருடம் கழித்துக் கிணற்றில் குதித்தால் பழைய தம் இருக்காது. என் அனுபவத்தில் அடிபடுகிறவர்களில் முதன்முறை வருகிறவர்கள் குறைவு. அவர்கள் பயந்து பயந்து செய்வார்கள். விட்டுவிட்டு வருகிறவர்களைத்தான் நான் கண் எடுக்காமல் பார்ப்பேன். அவர்களுக்கு ஆசனத்தின் கடைசி நிலை மனதில் இருக்கும், அதை நோக்கி உடம்பை இழுப்பார்கள்.

ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். கல்லூரி நாட்களில் போட்டிகளில் பரிசு வாங்கியவர். முதல் நாளே பச்சிமோத்தானாசனத்தில் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு குனிந்தார். நான் இரண்டு வரிசை தள்ளி நின்றேன், போய்ச் சேருவதற்குள் குனிந்துவிட்டார். அந்த நேரம் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காரில் உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பில் ஊசி குத்துவதுபோல் வலி. தொடையின் பின்தசை அந்த எலும்பில்தான் போய் ஒட்டுகிறது. ஒட்டும் இடத்தில் இருப்பது தசைநாண். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், பயிற்சிக்குச் சீக்கிரம் பழகும். தசைநாண் அப்படியில்லை, பழகுவதும் மெதுவாக, ஆறுவதும் மெதுவாக. அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அதனால் மருதாணி, செவ்வாய்க்கிழமை வகுப்பு. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் அழுததைப் படித்தேன். நாளைக்கு இதைச் செய்து பாருங்கள். ஜமுக்காளத்தை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். காலை நீட்டி, முழங்காலை நன்றாகவே மடக்குங்கள், வெட்கப்பட வேண்டாம். வயிறு தொடையைத் தொடட்டும். அங்கிருந்து, தொடையிலிருந்து வயிறு பிரியாமல், குதிகாலை மெல்ல மெல்ல முன்னால் தள்ளுங்கள். பின்தொடையில் இழுப்பு வந்ததும் நின்றுவிடுங்கள். இழுப்பு தொடையின் நடுவில் இருந்தால் சரி. உட்காரும் எலும்பிலோ முழங்காலுக்குப் பின்னாலோ வந்தால் உடனே தளர்த்துங்கள். நெற்றி எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

வைகைக்கரை (மதுரை)

நீங்கள் சொல்வது புரிகிறது அம்மா. தசைநாண் விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணனும் தோள்பட்டை வலி என்றுதான் கடைசியில் நின்றார், சலிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

தடம்174 (சிங்கப்பூர்)

சகோதரி, நானும் இங்கேதான். 30 வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். 61 வயதில் சமூக மன்ற வகுப்பில் சேர்ந்தேன், இப்போது 65. முன்பின் யோகா தெரியாது.

ஆசிரியை அறுபதை நெருங்கும் சீனப் பெண்மணி. முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்து உடம்பில் என்ன பிரச்சினை என்று எழுதச் சொன்னார். எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். அதை எழுதவில்லை. ஆம்பிளை, இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம். மூன்றாவது வகுப்பில் அதோமுக சுவானாசனம், அதுதான் நாய் உடம்பை முறிப்பதுபோல் இடுப்பைத் தூக்கித் தலையைக் கீழே விடுவது. ஒரு நிமிடம் இருந்துவிட்டு விருட்டென்று எழுந்தேன். கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன மாத்திரை என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து எனக்குச் சுவரில் கை ஊன்றி இடுப்பளவு குனியும் வடிவம். இன்றுவரை அதுதான்.

தயவுசெய்து தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மலாய் அக்காவுக்கு க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். அவர் தலையைக் கீழே விடும் எதையும் செய்வதில்லை.

வேறு சில விஷயம். பதினைந்து நிமிடம் முன்னால் போய்ச் சுவரோரம் இடம் பிடியுங்கள், ஒற்றைக்காலில் நிற்கும்போது கை வைக்க உதவும். குளிர்சாதனம் பலமாக இருக்கும், கடைசியில் படுக்கும்போது போர்த்த ஒரு துண்டு வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் ஆசனப் பெயர்களை நம் காதுக்குப் பழக்கமான மாதிரியே சொல்வார்கள். விருட்சாசனம் என்றால் என்ன என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். மரம் என்றேன். வகுப்பில் எல்லாரும் "மரம், மரம்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூச்சுக்கணக்கு (சென்னை)

தடம்174 ஐயா, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. இதை என் மாணவர்களுக்கும் சொல்வேன்.

க்ளாக்கோமா பற்றி ஒன்று சேர்க்கிறேன். சிரசாசனத்தில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாற்பது தாண்டியவர்கள் கண் அழுத்தம் பரிசோதித்துக்கொண்டு வகுப்புக்குப் போவது நல்லது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களோடு மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை உள்ளே அடக்கும் கும்பகம் இரண்டையும் தவிர்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசியில் மல்லாந்து படுக்கும் சவாசனத்திலிருந்து நேராக எழக் கூடாது. ஒரு பக்கம் புரண்டு, நாலைந்து மூச்சு அப்படியே இருந்து, கையை ஊன்றி, தலை கடைசியாக வரும்படி எழ வேண்டும்.

பனிமுகில் (ஸ்கார்பரோ)

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் ஸ்கார்பரோ. எங்களுக்கும் நகராட்சியின் சமூக நிலையத்தில் யோகா நடக்கிறது. பதிவு காலை ஏழு மணிக்குத் திறக்கும், கெதியாக நிறைந்துவிடும். நான் பிந்தி எழும்பி இரண்டு பருவம் தவறவிட்டிருக்கிறேன்.

எனக்கு நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு. அம்மாவுக்கு 72 வயது, எலும்பு மெலியும் நோய். இரண்டு பேரும் சேர்ந்து கதிரை (நாற்காலி) யோகா வகுப்பில் சேர்ந்தோம். கதிரையில் இருந்து செய்வதில் என்ன இருக்கு என்று முதலில் நினைத்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி, பாதத்தை நிலத்தில் அழுத்தி, கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதைப் பத்துத் தரம் செய்யச் சொன்னார்கள். ஆறாவது தரத்தில் எனக்குத் தொடை நடுங்கியது. அம்மா பத்தும் செய்து முடித்தா.

எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து முன்னுக்குக் குனியக் கூடாது என்று அங்கேதான் விளங்கியது. முதுகெலும்பின் முன்பக்கத்தில் பாரம் விழுந்து நொறுங்கலாமாம். நிமிர்ந்த முதுகோடு இடுப்பில் மட்டும் சரிவது பரவாயில்லை. மருதாணி, மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குகிறது என்றால் எலும்பு அடர்த்தி பற்றி வைத்தியரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

மருதாணி (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தொடக்க நிலையில் பதிந்துவிட்டேன். முதல் வகுப்பு நேற்று முடிந்தது.

மூன்றாவது மாடியில் கண்ணாடி பதித்த நடன அறை. பக்கத்து அரங்கில் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆட்டம், சிறகுப்பந்து மட்டையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 16 பேர். எனக்கு இடது பக்கம் சுமார் எழுபது வயது சீனப் பாட்டி, வலது பக்கம் மருத்துவமனைச் சீருடையோடு ஓடி வந்து உடை மாற்றிக்கொண்ட ஒரு பெண்.

முதல் இருபது நிமிடம் தாடாசனம். நிற்பது மட்டும்தான். தஞ்சாவூரில் இந்த ஆசனத்தை அரை நிமிடத்தில் கடந்து அடுத்ததற்குப் போய்விடுவோம். இங்கே ஆசிரியை ஒவ்வொருவர் காலடியிலும் குனிந்து பார்த்தார். என் எடை முழுவதும் குதிகாலில் இருக்கிறது, கால்விரல்கள் தரையைத் தொடவே இல்லை என்று காட்டினார். கட்டைவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகால் மூன்றையும் அழுத்தச் சொன்னார். அழுத்தியதும் இடுப்பு முன்னால் வந்தது, கழுத்து தானாக நீண்டது. காலையில் சுரீரென்கிற அந்தக் குதிகாலில்தான் 18 வருடமாக நின்றுகொண்டிருந்திருக்கிறேன். ஏழு வருடம் யோகா செய்தவள், நிற்கும் விதத்தை நேற்றுத்தான் கற்றேன்.

மூச்சுக்கணக்கு அம்மா, நீங்கள் சொன்ன ஜமுக்காளம் இங்கே இல்லை, குளியல் துண்டு இரண்டை மடித்துக்கொண்டேன். முழங்காலை மடக்கியதும் வயிறு தொடையில் பட்டது. அப்படி ஒரு நிம்மதி.

ஒரு சந்தேகம். மணிக்கட்டு வலிக்கிறது. நான்கு காலில் நிற்கும் மார்ஜாரியாசனத்திலேயே வலிக்கிறது.

மூச்சுக்கணக்கு (சென்னை)

ஒன்பது மணி நேரம் தட்டச்சுப் பலகையில் இருக்கும் கை, உள்ளங்கையை ஊன்றி உடம்பைத் தாங்கிப் பல காலம் ஆகியிருக்கும். விரல்களை அகல விரியுங்கள். ஆள்காட்டி விரலின் அடிமேடு தரையை விட்டு எழும்பாமல் பாருங்கள், அது எழும்பினால் எடை முழுவதும் மணிக்கட்டின் வெளிப்பக்கம் போய்விடும். விரல் நுனியால் தரையைப் பிறாண்டுவதுபோல் லேசாகப் பிடியுங்கள். வலித்தால் முஷ்டியை ஊன்றுங்கள், அல்லது முழங்கைக்கு வந்துவிடுங்கள். அலுவலகத்தில் மேசை விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் எடை கொடுத்துப் பழகலாம்.

ஏடறிந்தோன் (திருநெல்வேலி)

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்ணாடி அறை, பூப்பந்துச் சத்தம், ஆங்கிலம். பிறரிடம் நடக்கும் நெறியான இயமம் இல்லை, தன்னொழுக்கமான நியமம் இல்லை, மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் இல்லை. இதை உடற்பயிற்சி என்று சொல்லலாம், யோகா என்று சொல்வது சரியா? யோகத்தின் எட்டு அங்கத்தில் ஆசனம் என்ற ஓர் அங்கத்தை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறார்கள் என்பது என் வருத்தம்.

மூச்சுக்கணக்கு (சென்னை)

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது ஐயா. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கு நேராக ஒதுக்கியவை மூன்று சூத்திரங்கள்தான், நாங்கள் வகுப்பு நேரம் முழுவதையும் அதற்கே கொடுக்கிறோம். ஆனால் அந்த மூன்றில் முதலாவது என்ன சொல்கிறது? ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மருதாணி இருபது நிமிடம் நின்றது அதுதானே?

இன்னொன்று. மைசூர் அரண்மனையில் 1930களில் இளைஞர்களுக்கு வேகமான ஆசனத் தொடர்களைச் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியார், பிற்பாடு சென்னைக்கு வந்து தனித்தனி ஆளாகப் பார்த்து, அவரவர் வயது, நோய், வேலை அறிந்து கற்றுக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் இங்கே தொடங்கிய யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையமும் அந்த வழியில்தான் நடந்தது. யோகத்துக்காக ஆளை வளைக்காமல், ஆளுக்காக யோகத்தை வளைப்பது நம் மரபில் உள்ளதுதான். அந்தச் சீன ஆசிரியை தாளைக் கொடுத்து எழுதச் சொன்னதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஏடறிந்தோன் (திருநெல்வேலி)

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பிராணாயாமம் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நிற்கும் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

பனிமுகில் (ஸ்கார்பரோ)

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா கோயிலுக்குப் போனாலும் கதிரைதான் தேடுவா. இப்ப பூசை முடியும்வரை நிற்கிறா. அவவுக்கு இயமம், நியமம் யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. நிற்கத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

மருதாணி (சிங்கப்பூர்)

ஏழு வகுப்பு முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் தவறியது, மகனுக்குக் காய்ச்சல்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சீனப் புத்தாண்டு நெருங்குகிறது, கீழ்த்தளத்தில் சிங்க நடனக் குழு ஒத்திகை. நாங்கள் சவாசனத்தில் படுத்ததும் முரசு ஆரம்பித்தது. கூடவே ஜால்ரா. தரை அதிர்வது முதுகில் தெரிந்தது. முன்பென்றால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியிருப்பேன். ஆசிரியை மெதுவாக, சத்தத்தைத் தள்ளாதீர்கள், வரட்டும், போகட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் முரசு இரண்டு அடிக்கும் ஒரு மூச்சு, இரண்டு அடிக்கும் ஒரு மூச்சு என்று ஆகிவிட்டது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மேளம் கேட்டுக்கொண்டே பிரகாரத்தில் படுத்துத் தூங்கிய சின்ன வயது ஞாபகம் வந்தது. கண்ணோரம் ஈரம். இந்த முறை துக்கத்தில் வந்ததில்லை.

குதிகால் வலி முழுவதும் போகவில்லை, முதல் நாலைந்து அடிதான் வலிக்கிறது. கழுத்து நன்றாக இருக்கிறது. பச்சிமோத்தானாசனத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று நான் அளந்து பார்க்கவில்லை.

சர்வாங்காசனம் மட்டும் ஆசை விடமாட்டேன் என்கிறது. சனிக்கிழமை வகுப்பில் செய்கிறார்களாம்.

மூச்சுக்கணக்கு (சென்னை)

கழுத்து இப்போதுதான் நன்றாகியிருக்கிறது. சர்வாங்காசனத்தில் உடம்பின் பாரம் தோளில் விழ வேண்டும், பழக்கம் விட்டவர்களுக்கு அது கழுத்தில் விழும். இந்த வருடம் வேண்டாம். சுவரோரம் ஒட்டிப் படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து, காலைச் சுவரில் மேலே சாய்த்து ஐந்து நிமிடம் இருங்கள். வேலை முடிந்து வந்த மாலையில் செய்து பாருங்கள். சர்வாங்காசனத்துக்குப் பிறகு வரும் அந்த அமைதியில் பெரும்பங்கு இதிலேயே கிடைக்கும்.

தடம்174 (சிங்கப்பூர்)

சகோதரி, வாரம் ஒரு வகுப்பு போதாது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நான் காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் வேகநடை போகிறேன், நடுவில் ஒரு கம்பத்தைத் தொட்டுக்கொண்டு மர ஆசனம். என் வயதுக்காரர்களுக்கு, விழாமல் இருக்க, வாரம் மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கான பயிற்சியும் தேவையாம்.

அடுத்த சுற்றுக்குப் பதிவு திறந்துவிட்டது. செவ்வாய் வகுப்பு எப்போதும் முதலில் நிறையும், தள்ளிப்போடாதீர்கள். மன்றத்துப் பாயையே இன்னும் பயன்படுத்துகிறீர்களா?

மருதாணி (சிங்கப்பூர்)

மதிய இடைவேளையிலேயே பதிந்துவிட்டேன் அண்ணா. அதே செவ்வாய், அதே தொடக்க நிலை. பக்கத்தில் வரும் பாட்டியும் பதிந்துவிட்டாராம், அவருக்கு இது ஒன்பதாவது சுற்று.

பாய் வாங்க வேண்டும். மன்றத்துப் பாய் கை வேர்த்தால் வழுக்குகிறது. நம் லிட்டில் இந்தியா தேக்காவில் எந்தக் கடையில் வாங்கினீர்கள், எத்தனை மில்லிமீட்டர் கனம்?

தடம்174 (சிங்கப்பூர்)

தேக்காவில் வாங்கவில்லை, விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. ரப்பர் பாய், நான்கு மில்லிமீட்டர். ரொம்ப மெத்தென்று இருப்பதை வாங்காதீர்கள், ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதம் ஆடும். முழங்கால் ஊன்றும்போது மட்டும் உங்கள் குளியல் துண்டை மடித்து அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.